சொந்த சீட் இல்லாத ஆபீஸ், பாதி வேலை வீட்டில்: சமாளிப்பது எப்படி?

வீட்டில் கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன்பெல்லாம் பிள்ளைகளின் படிப்பு, போட்டோக்களைச் சேர்த்து வைப்பது, ரயில் டிக்கெட் எடுப்பது என்று காரணம் சொல்வார்கள். இப்போது புதிதாக ஒரு காரணம் சேர்ந்திருக்கிறது. "வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அதற்காகத்தான் வாங்கினோம்" என்கிறார்கள். கூடவே இன்னொன்றையும் சற்று வருத்தத்துடன் சொல்கிறார்கள். "ஆபீசில் இருந்த என் சீட்டை எடுத்துவிட்டார்கள்."

இந்த இரண்டும் ஒன்றாகவே வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. சென்னையில் வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதித் தரும் ஓர் அலுவலகத்தில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்க்கிறேன். வீடு பெரம்பூரில், ஆபீஸ் சோழிங்கநல்லூரில். 2022-ஆம் ஆண்டு முதல் வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீடு. ஆபீசில் யாருக்கும் நிரந்தர இடம் கிடையாது. இந்த முறைக்குப் பழகியபோது நான் தெரிந்துகொண்டவற்றை, புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்குப் பயன்படும் வகையில் இங்கே தருகிறேன்.

ஹாட் டெஸ்க் என்றால் என்ன?

ஒரு மேஜை ஒரே ஆளுக்குச் சொந்தமாக இல்லாமல், அன்றன்று வருபவர்கள் மாறி மாறிப் பயன்படுத்துவதுதான் ஹாட் டெஸ்க். கப்பலில் இடம் குறைவு என்பதால், ஒரு ஷிப்டு முடிந்து வரும் மாலுமி, அடுத்த ஷிப்டுக்கு எழுந்து போனவரின் படுக்கையிலேயே படுத்துக்கொள்வார். படுக்கையின் சூடு ஆறியிருக்காது. அந்த வழக்கத்தில் இருந்துதான் இந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள்.

இது கொரோனாவுக்குப் பின் வந்த புது யோசனை என்று நினைக்க வேண்டாம். 1990-களின் நடுவிலேயே, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஷயாட்-டே என்ற விளம்பர நிறுவனம் இதைச் செய்து பார்த்தது. அதன் தலைவர் ஜே ஷயாட், ஊழியர்களின் சொந்த மேஜைகளை எடுத்துவிட்டார். காலையில் வந்ததும் ஒரு லேப்டாப்பும் போனும் வாங்கிக்கொண்டு, கிடைத்த இடத்தில் உட்கார வேண்டும். மாலையில் திருப்பித் தர வேண்டும். காகிதங்களை வைக்க இடம் இல்லாமல் சிலர் தங்கள் காரின் டிக்கியையே அலமாரி ஆக்கிக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் அந்த நிறுவனம் பழையபடி மேஜைகளுக்கே திரும்பியது.

வீட்டிலிருந்து வேலை என்ற யோசனைக்கு இன்னும் வயது அதிகம். ஜாக் நில்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1973-ஆம் ஆண்டிலேயே இதற்கு 'டெலிகம்யூட்டிங்' என்று பெயர் வைத்துவிட்டார். ஆட்கள் வேலை இருக்கும் இடத்துக்குப் போவதற்குப் பதில், வேலை ஆட்கள் இருக்கும் இடத்துக்கு டெலிபோன் கம்பி வழியே வரட்டும் என்பதுதான் அவர் யோசனை. நம் நாட்டில் 2020 மார்ச் மாத ஊரடங்கு பலரையும் ஒரே நாளில் இந்த முறைக்குத் தள்ளியது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை, பி.பி.ஓ. போன்ற நிறுவனங்களுக்கு இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பதும் எளிதானது.

எனக்கு ஏன் இது அவசியமானது?

என் அம்மாவுக்கு சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் செய்ய வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் விடியற்காலை அழைத்துப் போனால், சிகிச்சைக்கே நான்கு மணி நேரம் ஆகும். வீடு திரும்பும்போது பத்தரை மணி. எங்கள் வேலை 11 மணிக்குத் தொடங்குகிறது. பெரம்பூரில் இருந்து ரயில், பறக்கும் ரயில், பஸ் என்று மாறி ஆபீஸ் போய்ச் சேர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். ஐந்து நாளும் ஆபீஸ் என்றால் அம்மாவை வேறு யாராவது அழைத்துப் போக வேண்டும். அல்லது நான் வேலையை விட வேண்டும். அண்ணன், தம்பி எனக்கு இல்லை. மனைவி வேலை பார்க்கும் பள்ளியில் காலை 8 மணிக்கு இருக்க வேண்டும்.

எனவே வாரத்துக்கு இரண்டு நாள் வீடு என்ற ஏற்பாடு எனக்குச் சலுகை அல்ல, பிழைப்பு. அந்த இரண்டு நாளும் இன்டர்நெட் போய்விட்டது, கரண்ட் இல்லை, பைல் கிடைக்கவில்லை என்று அடிக்கடி சொன்னால், "நீங்கள் ஆபீசுக்கே வந்துவிடுங்களேன்" என்பார்கள். சிறு சிறு விஷயங்களில்கூட நான் கவனமாக இருப்பது இதனால்தான்.

பைதான் இனி உங்கள் மேஜை

சொந்த மேஜை இருந்தபோது டிராயரில் எல்லாம் கிடந்தது. இப்போது அந்த டிராயர் முழுவதும் ஒரு பையில் அடங்க வேண்டும். என் பையில் இருப்பவை இவை:

1. லேப்டாப், அதன் சார்ஜர். முடிந்தால் வீட்டுக்கு ஒரு சார்ஜர், பைக்கு ஒரு சார்ஜர் என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். தினமும் கழற்றி மாட்டும் தொல்லையும், மறந்துவிடும் பயமும் இருக்காது. இரண்டாவது சார்ஜர் வாங்கும்போது, பழைய சார்ஜரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், வாட் அளவுகளைப் பார்த்து வாங்குங்கள். வோல்ட் மாறக் கூடாது. வாட் குறையக் கூடாது.

2. வயர்லெஸ் மவுஸ். இதற்கான சிறிய யு.எஸ்.பி. ரிசீவரை லேப்டாப்பிலேயே விட்டுவிடலாம். தனியே எடுத்தால் தொலைந்துபோகும்.

3. மைக்குடன் கூடிய ஹெட்போன். இதை யாருடனும் பகிர்ந்துகொள்ள வேண்டாம்.

4. ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிள். ஆபீஸ் மேஜையில் கேபிள் காணாமல் போயிருப்பது சாதாரணம்.

5. சிறிய மைக்ரோ பைபர் துணி. முந்தைய நாள் அங்கே உட்கார்ந்தவர் கீபோர்டுக்கு மேல் வைத்துச் சாப்பிட்டிருக்கலாம். துடைக்கும் முன் கீபோர்டின் கேபிளைக் கழற்றிவிடவும். எந்தத் திரவத்தையும் கீபோர்டின் மேல் நேரடியாகத் தெளிக்காமல், துணியை லேசாக நனைத்துத் துடைக்கவும்.

இவை ஒவ்வொன்றுக்கும் பையில் ஒரே இடத்தை ஒதுக்குங்கள். மாலையில் எழுந்திருக்கும்போது பையைத் திறந்து பார்த்தாலே எது குறைகிறது என்று தெரிந்துவிடும்.

உட்கார்ந்ததும் செய்ய வேண்டியவை

ஹாட் டெஸ்க்கில் பொதுவாக ஒரு மானிட்டர், ஒரு கீபோர்டு, டாக்கிங் ஸ்டேஷன் எனப்படும் ஒரு சிறிய பெட்டி ஆகியவை இருக்கும். இந்தப் பெட்டியில் இருந்து வரும் ஒரே கேபிளை லேப்டாப்பின் யு.எஸ்.பி.-சி போர்ட்டில் செருகினால் மானிட்டர், கீபோர்டு, நெட்வொர்க், சார்ஜ் எல்லாம் ஒரே நேரத்தில் கிடைக்கும். ஆனால் யு.எஸ்.பி.-சி வடிவில் இருக்கும் எல்லா போர்ட்டிலும் மானிட்டர் வேலை செய்யாது. லேப்டாப் வாங்கும்போதே, "இந்த போர்ட்டில் டிஸ்பிளே வருமா, சார்ஜ் ஏறுமா?" என்று கேட்டுவிடுங்கள்.

கேபிளைச் செருகியும் மானிட்டரில் படம் வரவில்லையா? விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு பி கீயை அழுத்தவும். நான்கு வழிகள் காட்டப்படும். லேப்டாப் திரை மட்டும், இரண்டிலும் ஒரே காட்சி, இரண்டு திரைகளையும் சேர்த்து ஒரே பெரிய இடம், இரண்டாவது திரை மட்டும் என்பவையே அவை. மூன்றாவதான எக்ஸ்டெண்ட் என்பதுதான் வேலைக்கு ஏற்றது. ஒரு திரையில் கணக்குப் பட்டியலையும் இன்னொன்றில் பில்லையும் வைத்துக்கொண்டு சரிபார்க்கலாம்.

அடுத்து ஒலி. டாக்கிங் ஸ்டேஷனில் இணைத்தவுடன் விண்டோஸ் தானாகவே மானிட்டரில் இருக்கும் ஸ்பீக்கருக்கு மாறிவிடுவது உண்டு. நீங்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காத்திருப்பீர்கள். உங்கள் மேனேஜரின் குரலோ பக்கத்து மேஜை வரை கேட்கும். எனவே கால் தொடங்கும் முன் டாஸ்க்பாரில் உள்ள ஸ்பீக்கர் படத்தைக் கிளிக் செய்து, ஒலி எந்தச் சாதனத்துக்குப் போகிறது என்று பார்த்து, ஹெட்போனைத் தேர்ந்தெடுத்திடவும்.

காணாமல் போகும் விண்டோ

இது புதியவர்களை மிகவும் பயமுறுத்தும் ஒன்று. ஆபீசில் இரண்டு திரைகளில் வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறப்பீர்கள். டாஸ்க்பாரில் அந்த புரோகிராம் ஓடிக்கொண்டிருப்பதாகத் தெரியும். திரையிலோ அதன் விண்டோவைக் காண முடியாது. பைல் அழிந்துவிட்டதோ என்று பதற வேண்டாம். ஆபீஸ் மானிட்டர் இன்னும் இருப்பதாக நினைத்து, அந்த விண்டோ திரைக்கு வெளியே நிற்கிறது. டாஸ்க்பாரில் அதன் படத்தை ஒருமுறை கிளிக் செய்துவிட்டு, விண்டோஸ் கீ, ஷிப்ட் கீ ஆகியவற்றுடன் இடது அல்லது வலது அம்புக்குறி கீயை அழுத்தவும். விண்டோ திரைக்குள் வந்துவிடும்.

இது அடிக்கடி நடந்தால் விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் திறந்து, சிஸ்டம், டிஸ்பிளே என்று சென்று, மல்டிபிள் டிஸ்பிளேஸ் என்ற பிரிவை விரிக்கவும். மானிட்டர் இணைப்பைப் பொறுத்து விண்டோக்களின் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும்படியும், மானிட்டரைக் கழற்றினால் அதில் இருந்த விண்டோக்களைச் சுருக்கி வைக்கும்படியும் இரண்டு கட்டங்கள் இருக்கும். இரண்டிலும் டிக் செய்திடவும்.

இங்கே இன்னொரு செய்தி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடித்துக்கொண்டது. பழைய கம்ப்யூட்டரை வேலைக்குப் பயன்படுத்த நினைப்பவர்கள், அதை ஆபீஸ் ஏற்றுக்கொள்ளுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூட்டாமல் எழுந்திருக்காதீர்கள்

சொந்த சீட்டில் நம்மைச் சுற்றி எப்போதும் தெரிந்த முகங்கள்தான் இருக்கும். ஹாட் டெஸ்க்கில் பக்கத்தில் இருப்பவர் வேறு பிரிவைச் சேர்ந்தவராக இருக்கலாம். அவர் பார்க்கக் கூடாத கணக்கு உங்கள் திரையில் இருக்கலாம். தண்ணீர் குடிக்கப் போனாலும் விண்டோஸ் கீயுடன் எல் கீயை அழுத்தி கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டு எழுந்திருங்கள். வீட்டிலும் இதே பழக்கம் வேண்டும். சிறு பிள்ளை கீபோர்டைத் தட்டினால் பாதி எழுதிய மெயில் போய்விடும்.

பூட்ட மறப்பவர்களுக்கு விண்டோஸில் டைனமிக் லாக் என்ற வசதி உண்டு. முதலில் உங்கள் மொபைல் போனை புளுடூத் மூலம் கம்ப்யூட்டருடன் இணைத்திடவும். பின்னர் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் என்று சென்று டைனமிக் லாக் என்பதை இயக்கவும். போனை எடுத்துக்கொண்டு நீங்கள் விலகிப் போனால் சற்று நேரத்தில் கம்ப்யூட்டர் தானே பூட்டிக்கொள்ளும். போனை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனால் பூட்டாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

வீட்டு மேஜை எப்படி இருக்க வேண்டும்?

எங்கள் வீட்டில் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை. தனி ஆபீஸ் அறைக்கு வழியே இல்லை. ஹாலின் ஜன்னல் ஓரத்தில் இரண்டடி அகலத்துக்கு ஒரு மேஜை போட்டிருக்கிறேன். அதற்கு மேல் தேவையில்லை. ஆனால் சில அளவுகளைக் கவனியுங்கள்.

லேப்டாப்பைக் கட்டிலிலோ மடியிலோ வைத்து நாள் முழுவதும் வேலை செய்ய வேண்டாம். அடிப்பகுதியில் உள்ள காற்றுத் துளைகள் மெத்தையில் அடைபட்டுச் சூடேறும், கழுத்தும் வலிக்கும். திரையின் மேல் விளிம்பு ஏறக்குறைய கண் மட்டத்தில் இருக்க வேண்டும். இதற்குத் தடித்த புத்தகங்கள் நான்கை அடுக்கி, அதன் மேல் லேப்டாப்பை வைத்தால் போதும். காற்றுத் துளைகள் மட்டும் மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படி உயர்த்தினால் அதன் கீபோர்டில் தட்ட முடியாது. எனவே தனியாக ஒரு யு.எஸ்.பி. கீபோர்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஜன்னல் உங்கள் பக்கவாட்டில் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் வெளிச்சம் அடிக்கும். வீடியோ காலில் உங்கள் முகமும் கறுப்பாகத் தெரியும். கண்ணுக்கு ஓய்வு தர 20-20-20 என்று ஒரு கணக்கு சொல்வார்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது, 20 விநாடி பாருங்கள். எனக்கு எதிர் வீட்டு முருங்கை மரம் இருக்கிறது.

லேப்டாப்பை எப்போதும் சார்ஜரிலேயே வைத்திருப்பவர்கள், 80 சதவீதத்துடன் சார்ஜ் ஏறுவதை நிறுத்தும் வசதி உங்கள் லேப்டாப்பில் உள்ளதா என்று பாருங்கள். பல நிறுவனங்கள் இதைத் தங்கள் சாப்ட்வேர் மூலம் தருகின்றன. பேட்டரியின் ஆயுள் கூடும்.

இன்டர்நெட்: வேகம் மட்டும் போதாது

வீட்டில் இன்டர்நெட் எடுக்கும்போது எல்லோரும் டவுன்லோட் வேகத்தை மட்டுமே கேட்கிறார்கள். வீடியோ காலில் உங்கள் முகமும் குரலும் வெளியே போக வேண்டும் அல்லவா? அதற்கு அப்லோட் வேகம் தேவை. இரண்டு பேர் பேசும் எச்.டி. (720p) தரமான வீடியோ காலுக்கு, போகவும் வரவும் விநாடிக்கு 1.2 மெகாபிட் அளவு தேவை என்று ஜூம் நிறுவனம் கணக்குத் தந்திருக்கிறது. இதையே ஒரு மணி நேரத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். போக 540 எம்.பி., வர 540 எம்.பி., மொத்தம் ஒரு ஜி.பி.க்குச் சற்று மேல். மொபைலில் தினம் ஒன்றரை ஜி.பி. வைத்திருப்பவர்களுக்கு ஒன்றரை மணி நேரத்தில் அந்த நாள் முடிந்துவிடும். டேட்டா குறைவாக இருந்தால் கேமராவை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும் பேசுங்கள்.

ரூட்டரில் பொதுவாக 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகள் இருக்கும். முதலாவது சுவர்களைத் தாண்டி அதிக தூரம் போகும், வேகம் குறைவு. இரண்டாவது வேகமானது, ஆனால் சுவர் குறுக்கே வந்தால் வலு குறையும். ரூட்டர் இருக்கும் அறையிலேயே வேலை பார்ப்பவர்கள் 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பைத் தேர்ந்தெடுங்கள். இதைவிட நல்லது, ரூட்டரில் இருந்து லேப்டாப்புக்கு ஒரு நெட்வொர்க் கேபிளை நேராக இழுத்துவிடுவது. அடுத்த அறையில் யார் சினிமா பார்த்தாலும் சிக்னல் ஆடாது.

மொபைல் ஹாட்ஸ்பாட் இரண்டாவது வழியாக எப்போதும் தயாராக இருக்கட்டும். வீட்டு இன்டர்நெட் ஒரு நிறுவனம், மொபைல் வேறு நிறுவனம் என்று இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் போகும் வாய்ப்பு குறைவு. ஹாட்ஸ்பாட்டில் இணைந்ததும், விண்டோஸில் அந்த வை-பை இணைப்பின் பிராபர்ட்டீஸ் பகுதிக்குச் சென்று மீட்டர்டு கனெக்ஷன் என்பதை இயக்கிவிடவும். அப்டேட்டுகளில் பெரும்பாலானவை தள்ளிவைக்கப்பட்டு டேட்டா மிச்சமாகும்.

கரண்ட் போனால்?

எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் பிற்பகல் வரை மின்சாரத்தை நிறுத்துவது உண்டு. முதல் நாளே செய்தித்தாளில் ஏரியா பெயருடன் அறிவிப்பு வரும். அந்த அறிவிப்பை நான் ராசிபலனுக்கு முன்பே படித்துவிடுகிறேன்.

லேப்டாப்பில் பேட்டரி உண்டு. ரூட்டரில் கிடையாது. கரண்ட் போன அடுத்த நொடி லேப்டாப் ஓடும், இன்டர்நெட் நிற்கும். இதற்கென்றே ரூட்டருக்கான மினி யு.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். வாங்கப் போகும் முன், ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ரூட்டர்கள் 12 வோல்ட் கொண்டவை. யு.பி.எஸ்.ஸின் வோல்ட் அளவு அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அளவு ரூட்டருக்குத் தேவையானதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். பைபர் இணைப்புக்கு ரூட்டருடன் தனியாக இன்னொரு பெட்டி இருந்தால் அதற்கும் சேர்த்து மின்சாரம் தேவை.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்து, நீங்கள் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் பயன்படுத்தினால் இன்னொன்றைக் கவனியுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டர் வரும் அந்தச் சிறு இடைவெளியில் கம்ப்யூட்டர் அணைந்து மீண்டும் தொடங்கலாம். பல இன்வெர்ட்டர்களில் யு.பி.எஸ். மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைப் போட்டால் இந்த இடைவெளி வெகுவாகக் குறையும்.

வீட்டுக் கம்ப்யூட்டரும் ஆபீஸ் பைல்களும்

ஆபீஸ் லேப்டாப் தந்திருந்தால், அதில் வீட்டு வேலை வேண்டாம். பையனின் கேமும் உங்கள் குடும்ப போட்டோக்களும் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும். ஆபீஸ் வேலைக்கும் வீட்டுக் கம்ப்யூட்டரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், உங்களுக்கென்று தனி யூசர் அக்கவுண்ட் உருவாக்கிக்கொள்ளுங்கள். செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று சென்றால், ஆட் அக்கவுண்ட் என்ற பட்டன் கிடைக்கும். வீட்டில் மற்றவர்களுக்கும் தனித்தனியே உருவாக்கிக் கொடுங்கள். ஒருவரின் டெஸ்க்டாப்பும் பைல்களும் மற்றவருக்குக் குறுக்கே வராது.

பல நிறுவனங்கள் வி.பி.என். என்ற இணைப்பைத் தருகின்றன. பொதுச் சாலையில் உங்களுக்கென்று ஒரு மூடிய சுரங்கப் பாதை போட்டது போன்றது இது. உங்கள் கம்ப்யூட்டருக்கும் ஆபீஸ் சர்வருக்கும் இடையே போகும் தகவலை வழியில் இருப்பவர் படிக்க முடியாது. இது இணைந்த பிறகே ஆபீஸ் பைல்களைத் திறக்கவும்.

பைல்களைப் பொறுத்தவரை எனக்கு ஒரே விதிதான். டெஸ்க்டாப்பில் எதையும் சேமிப்பதில்லை. ஆபீஸ் சர்வரில் உள்ள போல்டரில்தான் சேமிப்பேன். நேற்று எந்த மேஜையில் உட்கார்ந்தேன், இன்று எங்கே இருக்கிறேன் என்பது பைலுக்குத் தெரிய வேண்டியதில்லை. பென் டிரைவில் எடுத்துப் போவது வேண்டவே வேண்டாம். பஸ்ஸில் விழுந்தால் விழுந்ததுதான்.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் நேரத்தில் நான் ஆபீஸ் லேப்டாப்பைத் திறப்பதில்லை. பக்கத்தில் ஆட்கள் நெருக்கமாக உட்கார்ந்திருப்பார்கள். அங்கே உள்ள இலவச வை-பை யாருடையது என்றும் தெரியாது. அம்மாவும் வெளியே வந்தவுடன் என் முகத்தைத்தான் தேடுவார்.

நேரத்துக்கு வேலி போடுங்கள்

ஆபீசில் ஏழரை மணி ஆனால் விளக்குகள் அணையும், கேப் டிரைவர் போன் செய்வார். வீட்டில் அப்படி யாரும் இல்லை. சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று லேப்டாப் திறந்தபடியே கிடக்கும். "டேய், சோறு ஆறுது, அந்தப் பெட்டியை மூடுடா" என்று அம்மா சொல்வதுதான் எனக்கு மணி அடிப்பது.

இதற்கு நான் செய்திருக்கும் ஏற்பாடு எளிமையானது. விண்டோஸ் கீயுடன் டேப் கீயை அழுத்தினால் நியூ டெஸ்க்டாப் என்று ஒரு கட்டம் கிடைக்கும். அதன் மூலம் இரண்டாவது டெஸ்க்டாப் ஒன்றைத் திறந்து, மெயில், சாட் ஆகியவற்றை அங்கே வைத்துவிட்டேன். கணக்கு வேலை முதல் டெஸ்க்டாப்பில். விண்டோஸ், கன்ட்ரோல் கீகளுடன் அம்புக்குறியை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகலாம். மணிக்கு இருமுறை மட்டும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறேன்.

காலண்டரில் செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் 11 மணி வரை நான் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்படி குறித்து வைத்திருக்கிறேன். காரணம் எழுதவில்லை. மேனேஜருக்கு மட்டும் தெரியும். 11 மணிக்கு "வந்துவிட்டேன்" என்று குழுவில் ஒரு வரி. மாலையில் இன்று முடித்தவை, நாளைக்கு உள்ளவை என்று நான்கு வரி. கண்ணுக்குத் தெரியாத ஆள் என்ன செய்கிறார் என்ற சந்தேகம் இந்த ஐந்து வரியில் தீர்ந்துவிடுகிறது.

மேஜை போனது, மனிதர்கள் இருக்கிறார்கள்

ஹாட் டெஸ்க்கில் உண்மையான கஷ்டம் கேபிளில் இல்லை. பத்து வருடம் ஒரே இடத்தில் இருந்தவருக்கு, அந்த இடம்தான் அவருடைய முகவரி. "கணக்குப் பிரிவில் ஜன்னல் ஓரம் இருப்பாரே, அவர்" என்றுதான் என்னைப் புதியவர்களுக்குக் காட்டுவார்கள். இப்போது புதிதாகச் சேரும் தம்பிகளுக்கு யாரிடம் போய்ச் சந்தேகம் கேட்பது என்றே தெரிவதில்லை. எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். புதன்கிழமை எல்லோரும் ஆபீஸ் வர வேண்டும். ஒரே வரிசையில் சீட் புக் செய்ய வேண்டும். அன்று கணக்கு வேலை குறைவாகவே நடக்கும். ஆனால் மற்ற நான்கு நாளும் சாட்டில் கேட்கத் தயங்கும் கேள்விகள் எல்லாம் அன்று மதியச் சாப்பாட்டில் வந்துவிடும்.

ஆயுத பூஜையின்போது ஒரு குழப்பம் வந்தது. முன்பெல்லாம் அவரவர் கம்ப்யூட்டருக்கு அவரவர் சந்தனம், குங்குமம் வைப்போம். இப்போது எந்த மானிட்டர் யாருடையது? ஒரு பையன் கேட்டான்: "அண்ணே, நான் 47-ஆம் நம்பருக்குப் பொட்டு வச்சா, நாளைக்கு அதுல வேற ஒருத்தர்தானே உட்காருவாரு?" உட்காரட்டுமே, அவருக்கும் சேர்த்துத்தான் என்றேன். எல்லா மேஜைகளுக்கும் எல்லோரும் சேர்ந்து பொட்டு வைத்தோம். என் லேப்டாப்பின் மூடியில் அன்று வைத்த குங்குமத்தின் தடம் கொஞ்சம் இன்னும் இருக்கிறது.

ஒரு பார்வையில்

வீட்டிலிருந்து வேலையைத் தொடங்கப் போகிறவர்கள், முதல் நாளுக்கு முன் இவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. லேப்டாப்பின் யு.எஸ்.பி.-சி போர்ட்டில் மானிட்டர் வருகிறதா?
2. வீட்டில் அப்லோட் வேகம் எவ்வளவு? மாலை நேரத்தில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.
3. ரூட்டருக்கு மினி யு.பி.எஸ்., மொபைலில் மாற்று இன்டர்நெட் இரண்டும் தயாரா?
4. வி.பி.என். வீட்டிலிருந்து ஒருமுறையாவது இணைந்ததா?
5. பாஸ்வேர்டு மறந்தாலோ கம்ப்யூட்டர் நின்றாலோ அழைக்க வேண்டிய ஹெல்ப் டெஸ்க் எண் காகிதத்தில் இருக்கிறதா? கம்ப்யூட்டருக்குள் மட்டும் இருந்தால் பயனில்லை.
6. வீட்டில் உள்ளவர்களுக்கு உங்கள் வேலை நேரம் தெரியுமா?

கடைசிக் கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவர் வேலையில் இருக்கிறார் என்பது, வீட்டில் இருப்பவர்களுக்கு நாம் சொன்னால்தான் தெரியும். சொல்லிவிடுங்கள். அதேபோல வேலை முடிந்ததும் லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்து, ஜிப்பையும் இழுத்துவிடுங்கள். அதன்பின் அந்த மேஜை உங்கள் வீட்டு மேஜை. பிள்ளைகள் அதில் வீட்டுப்பாடம் எழுதட்டும்.